இரும்புப் பெட்டியும் இறுகாத திருகும்

பிரிட்டனில் மின்சாரம் வீட்டுக்குள் வந்த புதிதில் அதை ஒழுங்குபடுத்த முயன்றவர்கள் ஷாக்கைவிடத் தீயைக் கண்டுதான் அதிகம் பயந்தார்கள். 1882இல் தந்திப் பொறியாளர்களும் மின்வல்லுநர்களும் சேர்ந்த சங்கம் ஒன்று லண்டனில் நான்கே பக்கத்தில் ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. மின்விளக்கால் விளையும் தீ அபாயங்களைத் தடுப்பதற்கான விதிகள் என்பதே அதன் தலைப்பு. அதை எழுதிய குழு சாதாரணமானது அல்ல. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன், வில்லியம் குரூக்ஸ், அலெக்சாண்டர் சீமென்ஸ், குரோம்ப்டன், பிரீஸ் எல்லோரும் அதில் இருந்தார்கள். அதே ஆண்டில் ஃபீனிக்ஸ் என்ற தீக்காப்பீட்டு நிறுவனமும் மஸ்கிரேவ் ஹீஃபி வகுத்த தன் சொந்த விதிகளை வெளியிட்டது. வீடு எரிந்தால் பணம் எடுத்து வைக்கவேண்டியவர்கள் அவர்கள், அவசரம் புரிகிறது. சங்கத்தின் முன்னுரையில் இரண்டு விஷயங்கள் உண்டு. புதிய மின்வேலைகளில் வரும் ஆபத்து பெரும்பாலும் அவற்றைப் பொருத்துகிறவர்களின் அறியாமையாலும் அனுபவக் குறைவாலும் வருகிறது என்பது ஒன்று. கோளாறு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் சோதித்துத்தான் அதைப் பிடிக்கமுடியும் என்பது இன்னொன்று. 133 வருஷம் கழித்து அதே விதிநூலின் வாரிசு ஒரு பெட்டியைப் பற்றிச் சில வரிகள் எழுத, அதற்காக அந்நாட்டு எலக்ட்ரீசியன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அந்த வாதத்தின் இரு முனைகளும் 1882ஆம் ஆண்டின் அந்த முன்னுரையிலேயே இருக்கின்றன.

பெட்டியின் பெயர் அங்கே கன்ஸ்யூமர் யூனிட். வீட்டுக்காரர்கள் வாயில் இன்னும் ஃபியூஸ் பாக்ஸ்தான், நம்மிடம் டி.பி. பாக்ஸ், மெயின் போர்டு என்று வழங்குவது அதன் உறவுக்காரப் பொருள். மீட்டரிலிருந்து வரும் இரண்டு தடித்த கம்பிகள், டெயில் என்று அங்கே சொல்லப்படுபவை, இந்தப் பெட்டியின் மெயின் சுவிட்சில் வந்து முடியும். அங்கிருந்து வீட்டின் ஒவ்வொரு சர்க்யூட்டும் கரண்ட் அளவுக்கு மீறினால் துண்டிக்கும் தன் தன் எம்.சி.பி. வழியாகப் பிரிந்து போகும். 2015 ஜனவரியில் வெளியான, அந்த விதிநூலின் வாரிசான பி.எஸ். 7671இன் மூன்றாம் திருத்தம் 421.1.201 என்ற புது விதியைச் சேர்த்தது. வீடுகளில் மாட்டும் கன்ஸ்யூமர் யூனிட்டின் கூடு எரியாத பொருளால் ஆனதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் யூனிட்டை எரியாத பொருளால் செய்த அலமாரிக்குள் வைக்கவேண்டும். எஃகு போன்ற இரும்பு உலோகம் அப்படிப்பட்ட பொருளுக்கு உதாரணம் என்று கீழே ஒரு குறிப்பு. அமலுக்கு வரும் நாள் 2016 ஜனவரி 1. அவ்வளவுதான் விதி. அதை எதிர்த்தவர்கள் தீயின் காரணத்தைச் சரியாகக் கண்டார்கள், அதிலிருந்து எடுத்த முடிவைத்தான் தவறாக எடுத்தார்கள் என்பது இந்தக் கட்டுரையின் வழக்கு. தீ பெட்டியில் பிறப்பதில்லை, உள்ளே இருக்கும் திருகில் பிறக்கிறது; அவர்கள் சொன்னது நிஜம். ஆனால் எந்த விதிநூலாலும் அந்தத் திருகை இறுக்க முடிந்ததில்லை. பெட்டியைப் பிடித்ததற்குக் காரணம் அதுதான்.

பெட்டியின் கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஆரம்பத்தில் பெட்டி என்றே ஒன்று இல்லை. மரப்பலகையில் தனித்தனி சுவிட்சும் பீங்கான் ஃபியூஸும் வரிசையாக அறைந்திருக்கும்; நம் ஊர்ப் பழைய வீடுகளில் பீங்கான் கட்டையைப் பிடுங்கி ஃபியூஸ் கம்பி சுற்றிய தலைமுறைக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கம்பிகள்கூட மரக் காடிக்குள்தான் ஓடின. பிறகு வார்ப்பிரும்புக் கூடு போட்ட சுவிட்ச்-ஃபியூஸ்கள் வந்தன; ஒவ்வொரு புதுத் தேவைக்கும் ஒன்று என்று மீட்டரைச் சுற்றி அவை பெருகின. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடுகளைத் திரும்பக் கட்ட வேண்டியிருந்த காலத்தில் செம்பும் பணமும் தட்டுப்பாடு. ரிங் சர்க்யூட்டும் சதுரமுனை பிளக்கும் அந்தச் சிக்கனத்தின் பிள்ளைகள். அந்த பிளக்குக்கான பி.எஸ். 1363 வந்தது 1947இல். எல்லா ஃபியூஸையும் ஒரே கூட்டில் அடக்கும் கன்ஸ்யூமர் யூனிட் பரவியதும் அந்தக் காலத்தில்தான். அதன் கூடு சில இடத்தில் தகடு, சில இடத்தில் பேக்லைட். வைலெக்ஸ் நிறுவனத்தின் பெட்டிகளில் மரச்சட்டத்தின் மேலேயே எல்லாவற்றையும் பொருத்தினார்கள். பேக்லைட் ஒருமுறை இறுகினால் மறுபடி உருகாத பிளாஸ்டிக். சூட்டில் கருகும், விரிசல் விடும், ஆனால் சொட்டாது. பிற்காலத்தில் வந்த வெள்ளைப் பெட்டிகள் உருகி வார்க்கப்படும் பிளாஸ்டிக்கில் செய்தவை. மலிவு, இலேசு, துரு ஏறாது, ஓட்டை போடுவது சுலபம், மின்சாரம் கடத்தாது. இவ்வளவு நல்ல குணம் உள்ள பொருளுக்கு ஒரே ஒரு கெட்ட குணம். சூடு போதுமான அளவு ஏறினால் அது உருகும், சொட்டும், எரியும்.

பெட்டி இப்படி மாறிக்கொண்டிருந்தபோது விதிநூலின் கவனமும் மாறியிருந்தது. முதல் பதிப்பின் தலைப்பில் இருந்த தீ பிற்பாடு தலைப்பிலிருந்து போய்விட்டது. உள்ளே அத்தியாயங்கள் இருந்தன என்றாலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொழிலின் மூளையெல்லாம் ஷாக்கைத் தடுப்பதில்தான் செலவாயிற்று. எர்த்திங், சமமின்னழுத்தப் பிணைப்பு, கடைசியில் கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி.; இலங்கைத் தமிழர்கள் ட்ரிப் சுவிட்ச் என்பது அதைத்தான். 2008இல் வந்த 17ஆம் பதிப்பு, வீட்டின் பெரும்பாலான சர்க்யூட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. பாதுகாப்பைக் கேட்டது. அதை நிறைவேற்ற எளிய வழி பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு இரண்டு ஆர்.சி.டி. வைத்த புதுப் பெட்டியை மாட்டுவது. பத்து சர்க்யூட் உள்ள அப்படிப்பட்ட ஒரு பெட்டியில் எத்தனை திருகு என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பேஸ், நியூட்ரல், எர்த் என மூன்று, மெயின் சுவிட்சில் நான்கு, இரண்டு ஆர்.சி.டி.யில் எட்டு. நாற்பதைத் தாண்டிவிடும். ஷாக்கிலிருந்து காக்க எழுதிய விதி, நாடு முழுவதும் லட்சக்கணக்கான திருகுகளைப் புதிதாக முடுக்க வைத்தது, அதுவும் பிளாஸ்டிக் கூட்டுக்குள். லண்டன் தீயணைப்புப் படை கன்ஸ்யூமர் யூனிட் தீ அதிகரிப்பதாக எச்சரித்தது அதற்கு அடுத்த சில வருஷங்களில். ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நிரூபிக்க முடியாது. காலம் ஒத்துப்போவதைக் கவனிக்காமலும் இருக்க முடியாது.

இறுகாத திருகு எப்படித் தீயாகிறது என்பதற்குச் சிறு கணக்கு போதும். கம்பியும் டெர்மினலும் சரியாகக் கடிக்காத இடத்தில் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வழியே 30 ஆம்பியர் போனால் அங்கே விரயமாகும் மின்திறன் 90 வாட். விரல் நகம் அளவுள்ள இடத்தில் இரண்டு மூன்று சால்டரிங் அயர்னின் சூடு. மின்னழுத்தத்தில் குறைவது வெறும் 3 வோல்ட் என்பதால் வீட்டில் விளக்கு மங்காது, யாருக்கும் ஒன்றும் தெரியாது. எம்.சி.பி. ட்ரிப் ஆகாது, ஏனென்றால் கரண்ட் அளவுக்கு மீறவில்லை. ஆர்.சி.டி.யும் ட்ரிப் ஆகாது, ஏனென்றால் கசிவு இல்லை. சூட்டில் செம்பு ஆக்ஸைடு ஆகும், தடை இன்னும் ஏறும், சூடு இன்னும் கூடும். 9.5 கிலோவாட் எலக்ட்ரிக் ஷவர் 41 ஆம்பியர் இழுக்கும் என்றாலும் பத்து நிமிஷத்தில் நின்றுவிடும். ராத்திரி மலிவுக் கட்டணத்தில் ஓடும் சேமிப்பு ஹீட்டரும், இப்போது காரை சார்ஜ் செய்யும் கருவியும் மணிக்கணக்கில் நிற்காமல் இழுக்கும், அதுவும் வீடு தூங்கும் நேரத்தில்.

இனி எதிர்ப்பாளர்களின் முதல் வாதம். காரணம் கைவேலை என்று தெரிந்த பிறகு கையை அல்லவா திருத்தவேண்டும், பெட்டியை மாற்றி என்ன பயன் என்றார்கள். சாட்சியங்களும் அவர்களிடம் இருந்தன. எம்.சி.பி.யின் கவ்வி, அதற்கு மின்சாரம் கொடுக்கும் பட்டையான பஸ்பாரின் நாக்கைச் சுற்றிக் கடிக்காமல் அதன் பின்னால் நழுவி நிற்பது பழக்கமான தவறு. வெளியிலிருந்து பார்த்தால் ஒழுங்காக மாட்டினது போலவே தெரியும். 25 சதுர மில்லிமீட்டர் டெயில் ஏழு தடித்த இழைகளை முறுக்கிய விறைப்பான கம்பி. திருகை முடுக்கிய பிறகு மீட்டர் பக்கத்தில் யாராவது அதை வளைத்து அசைத்தால் இழைகள் உள்ளே இடம் மாறும், இறுக்கம் போய்விடும். மீட்டர் மாற்ற வருகிறவர் அசைக்காமல் மாற்றமுடியாது. இவற்றோடு பயிற்சி பற்றிய பழைய ஆதங்கமும் சேர்ந்துகொண்டது. 2005இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டட விதிகளின் பி பகுதி அமலுக்கு வந்து வீட்டு மின்வேலையைச் சட்டத்தின் கண்பார்வைக்குள் கொண்டுவந்தது. வருஷக்கணக்கில் தொழில் பழகி வந்தவர்கள், அதைத் தொடர்ந்து முளைத்த குறுகியகாலப் படிப்புகளில் தேறி வந்தவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். ஆக, இரும்புப் பெட்டி விதி மூத்த தொழிலாளிகளின் காதில் ஓர் அவமானமாகவே விழுந்தது. அரைகுறை வேலைக்காரனைத் தடுக்கத் துணிவில்லாமல், அவன் வைக்கும் தீயை மூடி வைக்கத் தகடு கேட்கிறார்கள் என்று.

இதற்கு என் பதில் படிக்கட்டு. பிரிட்டிஷ் வீடுகளில் கன்ஸ்யூமர் யூனிட் பெரும்பாலும் எங்கே இருக்கும் என்று பாருங்கள்: மரப் படிக்கட்டின் அடியில் இருக்கும் சிறு அறையில், கோட்டும் துடைப்பமும் வாக்யூம் கிளீனரும் பழைய செய்தித்தாளும் அடைந்து கிடக்கும் இடத்தில். மாடியில் தூங்குகிறவர்கள் இறங்கி ஓட அந்த ஒரே படிக்கட்டுதான் வழி. திருகு சுட்டது என்பது மட்டும் அங்கே யாரையும் கொல்லாது. சுட்ட பிளாஸ்டிக் உருகிக் கீழே கிடக்கும் கோட்டின் மேல் சொட்டுவதும், புகை படிக்கட்டில் ஏறுவதும்தான் கொல்லும். கைவேலையைத் திருத்தவேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. 1882இல் அனுபவக் குறைவைப் பற்றிக் கவலைப்பட்டவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். ஆனால் 17 பதிப்புகள் கடந்தும், பி பகுதி வந்தும், சோதனைச் சான்றிதழ் கட்டாயமாகியும் இறுகாத திருகு ஒழியவில்லை. ஒவ்வொரு திருகும் சரியாக முடுக்கியிருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் ஒரு குடும்பத்தை மாடியில் தூங்க வைக்க முடியாது. தவிர, 2016க்கு முன்பிருந்த தரவிதியின் சுடுகம்பிச் சோதனையைக் கவனியுங்கள். மின்னோட்டம் பாயும் பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக்குக்கு 960 டிகிரி செல்சியஸ். மற்ற வெளிப் பாகங்களுக்கு 650 டிகிரி போதும். பழுக்கக் காய்ச்சிய கம்பியை 30 நொடி அழுத்தி எடுத்த பிறகு 30 நொடிக்குள் சுவாலை அணைந்தால் அந்தப் பிளாஸ்டிக் தேர்வு பெற்றது. ஆனால் இறுகாத திருகு 30 நொடியில் கம்பியை எடுத்துவிடுகிற சோதனைச்சாலை உதவியாளர் இல்லை. மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது, அதை விதியின் ஆதரவாளர்கள் போதுமான மரியாதையோடு கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். ஷாக்குக்குப் பயந்துதான் பிளாஸ்டிக்குக்குப் போனோம், இப்போது தீக்குப் பயந்து இரும்புக்குத் திரும்பினால் பழைய ஷாக் திரும்பாதா என்பது அந்தக் கேள்வி. டி.டி. முறை உள்ள கிராமப்புற வீடுகளில் இது வெறும் பேச்சு அல்ல. அங்கே மின்வாரியம் எர்த் தருவதில்லை; வீட்டுக்காரர் மண்ணில் அறைந்த கம்பிதான் எர்த். அதன் தடை 200 ஓம் வரை இருப்பதை விதிநூல் பொறுத்துக்கொள்ளும். டெயிலின் உறை இரும்புக் கூட்டின் விளிம்பில் உரசிக் கிழிந்து, ஆர்.சி.டி.க்கு முன்பாகவே பேஸ் பெட்டியைத் தொட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டை 200 ஓமால் வகுத்தால் கிடைப்பது ஓர் ஆம்பியருக்குச் சற்றே மேல். தெருவிலிருந்து வரும் இணைப்பின் ஃபியூஸ் 60, 80 அல்லது 100 ஆம்பியர், அது அசையாது. பெட்டி மட்டும் அல்ல, எர்த் கம்பி வழியாக வீட்டிலுள்ள ஒவ்வொரு உலோகப் பொருளும் மின்சாரம் ஏறி நிற்கும், யாராவது தொடும் வரை. பிளாஸ்டிக் பெட்டியில் இப்படி நடக்க வழியே இல்லை. சரி, டெயில் வரும் வழியிலேயே தனியாக ஓர் ஆர்.சி.டி.யைப் பிளாஸ்டிக் கூட்டில் வைத்துவிடலாமா என்றால், அதுவும் இதே வகைச் சாதனம், அதற்கும் எரியாத கூடு வேண்டும் என்று விதி அங்கேயும் வந்து நிற்கும். எலக்ட்ரீசியன்கள் இந்தச் சுழலைச் சொல்லிச் சிரித்ததில் நியாயம் உண்டு.

ஆனாலும் இந்த இரண்டு ஆபத்தும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. டெயில் உரசும் இடம் ஒன்றே ஒன்று, பெட்டிக்குள் நுழையும் துளை. அங்கே நல்ல கிளாண்டு போட்டுக் கம்பியை அசையாமல் கவ்விவிட்டால், வெளியுறையை மெயின் ஆர்.சி.டி. வரை கொண்டுபோனால், ஆபத்து அடங்கிவிடும். வேலை முடிந்ததும் அதைக் கண்ணாலேயே பார்த்துச் சரி சொல்லலாம். நாற்பதுக்கு மேற்பட்ட திருகுகளுக்கு அப்படி ஒரு கண்பார்வைச் சான்று கிடையாது. கண்ணால் சரிபார்க்க முடிந்த ஓரிடத்துப் பிழையை ஏற்று, பார்க்க முடியாத நாற்பது இடத்துப் பிழையைக் கூட்டுக்குள் அடைத்தது நல்ல பேரம்தான். டி.டி. வீடுகளுக்கு இந்த எச்சரிக்கையை விதிக்கு உள்ளேயே எழுதியிருக்கலாம். எழுதாததால் அது துணை வழிகாட்டிகளுக்குப் போயிற்று. வழிகாட்டியை வாங்கிப் படிப்பவர் ஏற்கெனவே கவனமான ஆள்.

மூன்றாவது வாதம் சொல் பற்றியது. எரியாத பொருள் என்றால் என்ன என்று விதிநூல் எங்கும் வரையறுக்கவில்லை, இரும்பை உதாரணம் காட்டியதோடு சரி. சாதன உற்பத்தியாளர்களின் சங்கமான பீமாவே இந்த விதியின் நோக்கத்துக்குப் பொருந்தும் வரையறை எதுவும் வெளியாகவில்லை என்று ஒப்புக்கொண்டது. 960 டிகிரி தாங்கும் பிளாஸ்டிக் போதாதா என்று கேட்டவர்களுக்கு, அது எரியாதது ஆகாது என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடைக்கவில்லை. கூடு எஃகு, உள்ளே இருக்கும் எம்.சி.பி. எல்லாம் பிளாஸ்டிக், கேபிள் நுழைய மேலே பெரிய ஓட்டை, அதன் விளிம்பில் பிளாஸ்டிக் வளையம். இதில் எதை அடைத்துவைக்கிறீர்கள் என்ற கிண்டலும் எழுந்தது. ஓட்டைகளைச் சுற்றித் தீயில் ஊதிப் பெருகும் பசை பூசவேண்டுமா வேண்டாமா என்பதே தனி விவாதம். ஐரோப்பாவைக் காட்டியவர்களும் உண்டு. 421.1.201 என்ற எண்ணின் கடைசிப் பகுதியே கதையைச் சொல்கிறது. ஐரோப்பியப் பொதுத்தரத்தில் இல்லாமல் பிரிட்டன் தனக்கென்று சேர்த்துக்கொள்ளும் விதிகளுக்கே 200 வரிசை எண்கள். ஜெர்மனியிலும் பிரான்சிலும் பிளாஸ்டிக் பெட்டிகள் தொடர்ந்து மாட்டப்படுகின்றன, அங்கே வீடெல்லாம் எரிந்துவிட்டதா? கேள்வி கூர்மையானது. ஆனால் பெட்டி ஒன்றாக இருந்தாலும் அது தொங்கும் இடம், அதற்குள் முடியும் டெயிலின் விறைப்பு, வேலைக்காரரின் பயிற்சிமுறை, வீட்டின் மரவேலை எல்லாம் நாட்டுக்கு நாடு வேறு. சொல் தளர்வாக இருந்தது உண்மை. சொல்லை இறுக்கக் காத்திருந்து பத்து வருஷம் கழிப்பதைவிட, கைவசம் இருந்த இரும்பைக் காட்டிவிட்டு நகர்ந்தது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. லண்டனின் எண்ணிக்கை கூடியது தீ கூடியதாலா, பதிவு செய்யும் முறை நுணுக்கமானதாலா என்றும் கேட்டார்கள். நுணுக்கமாகப் பதிந்ததால்தான் கூடியது என்றே வைத்துக்கொண்டாலும், அதுவரை எண்ணாமல் விட்ட தீ எரிந்த தீதானே.

எதிர்த்தவர்கள் வேறொரு வழியில் வென்றார்கள் என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னதாலேயே திருகு பேச்சுக்கு வந்தது. எந்த டெர்மினலுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் என்று மூடியில் அச்சிட்ட அட்டவணையை அக்கறையோடு பார்ப்பதும், அளவு காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரைப் பையில் வைத்திருப்பதும் பழக்கமாகத் தொடங்கின. முன்பெல்லாம் மணிக்கட்டின் அனுபவமே அளவுகோல். அதை விட்டுக்கொடுக்க மூத்தவர்கள் சிலருக்கு இன்றும் மனமில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தம் உயரமான குடியிருப்புகள், மாணவர் விடுதிகள், முதியோர் இல்லங்கள் போன்ற இடங்களின் சாக்கெட் சர்க்யூட்டுகளுக்கு, மின்பொறியை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஏ.எஃப்.டி.டி. என்ற சாதனத்தைக் கட்டாயமாக்கியது. அது தனக்குக் கீழே உள்ள சர்க்யூட்டைப் பார்க்கும். தனக்கு மேலே, டெயில் வந்து முடியும் மெயின் சுவிட்சின் திருகு அதன் பார்வைக்குள் வராது. அந்தத் திருகு சுட்டால் காக்க இன்றைக்கும் தகடு ஒன்றுதான்.

2016 ஜனவரி 1க்கு முன் மாட்டிய பிளாஸ்டிக் பெட்டி எதையும் கழற்றும்படி 421.1.201 சொல்லவில்லை, பழைய விதிப்படி செய்த வேலை அதனாலேயே ஆபத்தானது ஆகிவிடாது என்று விதிநூலே சொல்கிறது. பரிசோதனைக்கு வருகிறவர் மரப் படிக்கட்டின் அடியிலோ வெளியேறும் ஒரே வழியிலோ அப்படி ஒரு பெட்டியைக் கண்டால், உள்ளே சூடேறிய தடயம் இல்லாதவரை, அறிக்கையில் சி3 என்று குறிப்பார். மேம்படுத்துவது நல்லது என்று அதற்கு அர்த்தம். மேம்படுத்துவதா வேண்டாமா என்பது வீட்டுக்காரர் விருப்பம்.